மூன்று தொகை எழுதிய தாள்: எந்தக் கண் லென்ஸ், யார் பணம்?

ஒரு தாளைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார் வெள்ளவத்தைப் பெண் ஒருவர். மேலே தனியார் வைத்தியசாலையின் முத்திரை. கீழே பேனையால் எழுதிய மூன்று தொகைகள், பக்கத்தில் 'மொனோ', 'டோரிக்', 'ட்ரை' என்று மூன்று சொற்கள். மூன்றாவது தொகை முதலாவதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். "அம்மாவுக்கு வலது கண்ணில் புரை. எதை எடுப்பது? காப்புறுதி எதைத் தரும்? திங்கட்கிழமைக்குள் சொல்லச் சொல்கிறார்கள்."

நான் கண் வைத்தியன் அல்லன். காப்புறுதி நிறுவனம் ஒன்றின் மருத்துவக் கோரிக்கைப் பிரிவில் பல ஆண்டுகள் மேசை போட்டு உட்கார்ந்திருந்தவன். அங்கே கற்றது ஒன்றுதான். புரையை எடுத்துவிட்டுக் கண்ணுக்குள் வைப்பது எந்த லென்ஸ் என்று முடிவான உடனேயே, பில்லில் அது எந்த வரியில் விழும், அந்த வரிக்கு யார் பணம் தருவார் என்பதும் பாதிக்குமேல் முடிவாகிவிடுகிறது. லென்ஸைப் பற்றி வைத்தியர் சொல்வார். வரியைப் பற்றிச் சொல்ல அங்கே யாரும் இருப்பதில்லை.

எதை வைத்து அளப்பது

முதலில் கண். விழித்திரை, கருவிழி, கண்ணழுத்தம் மூன்றும் ஒழுங்காக இருக்கின்றனவா? சீனி வருத்தம் விழித்திரையைத் தொட்டுவிட்டதா? இதற்கு விடை தெரியாமல் விலை பேசுவது வீண்வேலை.

அடுத்தது தூரம். இதற்கு வைத்தியரைவிட வீட்டு அளவுநாடா நன்றாக உதவும். என் மாமியாருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அளந்து பார்த்தோம். பத்திரிகை பிடிப்பது 35 சென்ரிமீற்றரில். கைப்பேசி 50. அடுப்பில் தாளிக்கும் சட்டி 70. தொலைக்காட்சி இரண்டரை மீற்றர். அதற்கப்பால் காலி வீதி. வருவது 100ஆ 101ஆ என்று பஸ் வந்து நிற்பதற்குள் தெரிய வேண்டும். பத்திரிகை காலையில் அரை மணி நேரம். மற்றவை நாள் முழுவதும். அந்தக் கணக்கை எழுதி வைத்த பிறகு எங்கள் வீட்டு வாக்குவாதம் பாதியாகக் குறைந்துவிட்டது.

மூன்றாவது, பில் வரி. நான்காவது, சத்திரசிகிச்சைக்குப் பின் வரும் செலவு. ஐந்தாவதைப் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள்: இரண்டாவது கண். புரை ஒரு கண்ணோடு நிற்பது அரிது. இன்றைக்கு எடுக்கும் முடிவு பெரும்பாலும் இரண்டு தடவை பணம் கட்டும் முடிவு.

வரி என்பது என்ன?

நம் ஊர் பில்லில் இது கண்ணுக்குத் தெரியாது. பளிச்சென்று தெரிவது அமெரிக்க பில்லில். நியூ ஜெர்சியில் இருக்கும் என் சித்தப்பா, 65 வயதைக் கடந்தவர்களுக்கான மெடிகெயார் காப்புறுதியில் இருப்பவர், தன் பில்லை எனக்கு அனுப்பினார். பேச்சு எதுவுமில்லை, எல்லாம் எண்கள். புரையை எடுத்து லென்ஸ் வைப்பதற்கு 66984. பாவை விரியாத கண், லென்ஸைத் தாங்கும் நார்கள் தளர்ந்த கண் என்று வேலை சிக்கலாகிவிட்டால் 66982. நோயின் பெயருக்குத் தனிக் குறியீடு: முதுமைக் கண்புரை எச்25 என்ற தலைப்பின்கீழ் வரும். சாதாரண லென்ஸுக்குத் தனியாகப் பணம் இல்லை, அது வைத்தியசாலைக்கான கட்டணத்துக்குள் அடக்கம்.

பிறகு வருகிறது கோடு. 2005 மே மாதத்தில் மெடிகெயார் ஒரு தீர்மானம் எடுத்தது. வாசிப்புப் பார்வையும் தரும் லென்ஸை நோயாளி விரும்பினால் வைத்துக்கொள்ளலாம்; புரை எடுப்பதற்கும் சாதாரண லென்ஸுக்கும் உரிய தொகை காப்புறுதியிலிருந்து வரும், மிகுதி நோயாளியின் பையிலிருந்து. 2007 ஜனவரியில் சிலிண்டர் பவரை, அதாவது கருவிழி வளைவின் ஒழுங்கின்மையை, திருத்தும் லென்ஸுக்கும் இதே ஏற்பாடு வந்தது. அந்த மிகுதிக்கு இரண்டு குறியீடுகள்: வாசிப்புக்கு வி2788, சிலிண்டருக்கு வி2787. இவற்றை லென்ஸின் பெயர்கள் என்று நினைப்பவர்கள் உண்டு. லென்ஸ் செய்யும் கூடுதல் வேலையின் பெயர்கள் அவை. ஒரே லென்ஸ் இரண்டாக உடைந்து, பாதி காப்புறுதியிடமும் பாதி சித்தப்பாவிடமும் போகிறது.

'புதிய லென்ஸ்தானே, கூடுதலாகத் தர மாட்டார்களா?' என்று கேட்பவர்களுக்கு இன்னொரு கதை. புதிய தொழில்நுட்ப லென்ஸ் என்று ஏற்றுக்கொள்ளப்பட்ட வகைக்கு, வெளிநோயாளர் சத்திரசிகிச்சை நிலையங்களுக்கு லென்ஸ் ஒன்றுக்கு 50 டொலர் கூடுதலாகக் கொடுத்தார்கள், ஐந்து ஆண்டுகளுக்கு மட்டும். ஒளிப்பிறழ்வைக் குறைக்கும் லென்ஸ்களுக்கு கியூ1003 என்ற குறியீட்டில் 2006 பெப்ரவரியில் தொடங்கிய அந்தச் சலுகை 2011 பெப்ரவரியில் முடிந்தது. லென்ஸ் அப்படியேதான் இருந்தது. கூடுதல் பணம் மட்டும் நின்றுவிட்டது.

ரொறன்ரோவில் இருப்பவர்களுக்கும் கோடு ஏறக்குறைய இதே இடத்தில்தான்: மாகாணக் காப்புறுதி அடிப்படை லென்ஸோடு நிற்கும், மேலுள்ளது சொந்தச் செலவு. பிரித்தானிய அரச சேவையில் பொதுவாக ஒற்றைக் குவிய லென்ஸ். மேலதிகம் கட்டி உயர்த்திக்கொள்ளும் வழி அங்கே கிடையாது.

கொழும்புக்கு வருவோம். நான் பார்த்த தனியார் பில்களில் இந்த எண்கள் இல்லை, அந்தந்த வைத்தியசாலையின் உள் எண்களே இருக்கும். மாமியாரின் முதல் கண்ணுக்கு வந்த பில்லில் ஒரே வரி: 'கண்புரை சத்திரசிகிச்சைப் பொதி'. எதிரே ஒரு தொகை. கோரிக்கை திரும்பி வந்தது, 'லென்ஸின் வகையும் விலையும் குறிப்பிடப்படவில்லை' என்ற குறிப்போடு. பல ஆண்டுகள் இதே குறிப்பை மற்றவர்களுக்கு எழுதியவன், அதைக் கையில் பிடித்துக்கொண்டு காசாளரிடம் போய் நின்றேன். "சிஸ்டத்தில் ஒரே வரிதான் வரும் ஐயா" என்றார் அவர். மூன்றாவது நாள், கணக்குப் பிரிவின் மேலாளர் கையெழுத்திட்ட ஒரு கடிதம் கிடைத்தது. அதில் நான்கு வரிகள்: சத்திரசிகிச்சைக் கூடம், வைத்தியர், லென்ஸ், மருந்து. பணம் வந்தது. வைத்தது சாதாரண லென்ஸ் என்பதால் முழுவதும் வந்தது. அது விலை கூடிய 'ட்ரை' லென்ஸாக இருந்து பில்லும் ஒரே வரியாக இருந்திருந்தால், லென்ஸ் எவ்வளவு, கூடுதல் எவ்வளவு என்று தெரியாமல் மொத்தத்தையுமே நிறுத்தி வைத்திருப்பார்கள். நானே அப்படி நிறுத்தி வைத்திருக்கிறேன்.

ஒற்றைக் குவியம் (மொனோ)

1949இல் லண்டனில் ஹரோல்ட் ரிட்லி முதன்முதலாக ஒரு கண்ணுக்குள் லென்ஸ் வைத்தார். போர் விமானிகளின் கண்ணில் புகுந்த விமானக் கூரைப் பிளாஸ்டிக் துண்டுகளைக் கண் சகித்துக்கொண்டதைப் பார்த்து அவருக்கு வந்த யோசனை அது. இன்றைய மொனோ அந்த வம்சம். ஒரு தூரத்தில் கூர்மை. பெரும்பாலும் தூரப் பார்வைக்கு வைப்பார்கள். வாசிக்க மூக்குக்கண்ணாடி வேண்டும்.

விலை குறைவு என்பதால் தரம் குறைவு என்று எண்ண வேண்டாம். மதுரையில் 1992இல் தொடங்கிய ஆரோலேப், இறக்குமதி லென்ஸின் விலையை நினைத்துப் பார்க்க முடியாத அளவுக்கு இறக்கிக் காட்டியது. அங்கிருந்து போகும் லென்ஸ்கள் உலகெங்கும் ஏழைகளின் கண்களிலும் இருக்கின்றன, பணக்காரர்களின் கண்களிலும் இருக்கின்றன. ஒளியைப் பங்கு போடாத லென்ஸ் இது. மங்கலான வெளிச்சத்திலும் தெளிவு கெடாது.

பில்லில் இதற்குத் தகராறு இல்லை. மறைவான செலவு வாசிப்புக் கண்ணாடி மட்டும், அதுவும் நான்கைந்து வாரம் கழித்துக் கண் நிலைபெற்ற பிறகு. மெடிகெயார் ஒவ்வொரு புரைச் சத்திரசிகிச்சைக்கும் பின் ஒரு சோடிக் கண்ணாடிக்கு உதவுகிறது. இங்குள்ள ஒப்பந்தங்களில் கண்ணாடி பெரும்பாலும் வேறு பிரிவில் இருக்கும். அந்தப் பிரிவு உங்கள் ஒப்பந்தத்தில் உண்டா என்று பாருங்கள்.

யாரும் விலை எழுதிக் காட்டாத ஒரு தெரிவு இதற்குள் ஒளிந்திருக்கிறது. ஒரு கண்ணைத் தூரத்துக்கும் மற்றதைக் கிட்டத்துக்கும் வைப்பது, 'மொனோவிஷன்'. லென்ஸ் அதே மொனோ, விலை அதே, வரி அதே. மாறுவது பவர் மட்டும். எல்லா மூளையும் இதை ஏற்றுக்கொள்ளாது. முன்பு ஒரு கண்ணால் தூரமும் மற்றதால் கிட்டமும் பார்த்துப் பழகியவர்களுக்குச் சுலபம். வைத்தியரிடம் நீங்களாகக் கேட்டால்தான் இந்தப் பேச்சு வரும். கேட்க வேண்டியது முதல் கண்ணுக்கு முன்னால்.

டோரிக்

கண்ணாடிச் சீட்டில் 'சிலிண்டர்' என்று ஒரு கட்டம் இருக்குமே, அதற்கான லென்ஸ். கருவிழியின் வளைவு எல்லாப் பக்கமும் ஒன்றாக இல்லாதபோது, மொனோ வைத்தால் தூரத்துக்கும் கண்ணாடி தேவைப்படும். கருவிழியில் ஏறக்குறைய ஒரு டயாப்டரும் (லென்ஸ் பவரை அளக்கும் அலகு) அதற்கு மேலும் இருந்தால் டோரிக்கைப் பற்றிப் பேசுவது நியாயம். அதற்குக் கீழே என்றால், வெட்டை எந்தப் பக்கம் போடுவது என்பதிலேயே வைத்தியர் கொஞ்சம் சரிசெய்து விடுவார்.

இந்த லென்ஸுக்கு ஒரு திசை உண்டு. கண்ணுக்குள் அது திரும்பிவிடக் கூடாது. ஒவ்வொரு பாகை திரும்பலுக்கும் திருத்தத்தில் நூற்றுக்கு மூன்றுக்குச் சற்று மேல் போய்விடும். 30 பாகை திரும்பினால் பயன் முழுவதும் போய்விடும். திரும்பினால் மறுபடி சத்திரசிகிச்சைக் கூடத்துக்குப் போய்ச் சரிசெய்ய வேண்டும். அமெரிக்கக் குறியீட்டில் அதற்கே ஓர் எண் உண்டு: 66825. இங்கே எண் இல்லை, ஆகவே கேள்வியாகக் கேளுங்கள்: "லென்ஸ் திரும்பினால் அதைச் சரிசெய்வது இந்தத் தொகைக்குள் அடக்கமா?" பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

காப்புறுதி இதைக் கூடுதல் வசதியாகத்தான் பார்க்கும். எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. இரண்டு டயாப்டர் சிலிண்டர் உள்ள கண்ணுக்கு டோரிக் ஆடம்பரம் அன்று. வைத்தியர் தன் கடிதத்தில் கருவிழி அளவை எண்ணோடு எழுதினால் சில கோரிக்கைகள் ஏற்கப்படுகின்றன. 'நோயாளி விரும்பினார்' என்று எழுதினால் கதை அங்கேயே முடிந்தது. கூடுதல் பணம் கையிலிருந்து போவதானால், விலை கூடிய லென்ஸ்களில் நான் முதலில் செலவழிப்பது இதற்குத்தான். சிலிண்டர் ஒரு கண்ணில் மட்டும் இருந்தால் மற்றக் கண்ணுக்கு மொனோ போதும். செலவும் ஒரு தடவைதான்.

பல்குவியம் (ட்ரை)

தாளில் மூன்றாவது தொகை. விளம்பரப் பலகையில் சிரிக்கும் தாத்தாவின் கண்ணில் இருப்பது. தூரம், கணினித் தூரம், வாசிப்பு மூன்றுக்கும் ஒளியைப் பங்கிட்டுத் தருகிறது. பங்கிடுவதால் ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது குறைவு. இரவில் விளக்குகளைச் சுற்றி வளையம் தெரியும். பலருக்கு மாதங்கள் போகப் பழகிவிடும், சிலருக்குப் பழகாது. மழை பெய்த இரவில் காலி வீதியில் எதிரே பஸ் வரும்போது வண்டி ஓட்டுபவருக்கு இது சிறு குறை அன்று.

விழித்திரையில் சீனியின் கறை, கண்ணழுத்த நோய், விழித்திரையின் மையப்புள்ளித் தேய்வு ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் இந்த லென்ஸ் பணத்தையும் எடுத்துப் பார்வையையும் குறைக்கும். எங்கள் குடும்பங்களில் சீனி இல்லாத வீடு எத்தனை? ஆகவே விழித்திரை ஸ்கானைப் பார்க்காமல் ட்ரைக்குச் சம்மதிக்காதீர்கள். அந்த ஸ்கானும் பொதிக்கு வெளியே தனி வரியாக வரலாம்.

பில்லில் மிக அதிகமாக வெட்டு விழுவது இதற்குத்தான். மற்றது, இதை இரண்டு கண்ணிலும் வைத்தால்தான் முழுப் பலன். தாளில் எழுதியிருப்பது ஒரு கண்ணின் விலை. பழகாமல் போய் லென்ஸை மாற்ற வேண்டி வந்தால் அது இன்னொரு சத்திரசிகிச்சை. அமெரிக்காவில் 66986 என்று எழுதுவார்கள், இங்கே 'விரும்பி ஏற்ற தெரிவின் விளைவு' என்று எழுதிக் கோரிக்கையை மறுப்பார்கள்.

யாருக்கு நல்லது? கண் சுத்தமாக இருந்து, இரவு ஓட்டம் இல்லாமல், கண்ணாடியை மனதார வெறுத்து, கூடுதல் தொகை முழுவதையும் தானே கட்டத் துணிந்தவருக்கு. அப்படிப்பட்டவர்கள் உண்டு, வைத்துக்கொண்டு மகிழ்ச்சியாக இருப்பவர்களையும் தெரியும்.

நீட்டிய குவியம்

தாளில் இல்லாத நான்காவது. தூரமும் கைநீட்டுத் தூரமும் நன்றாகத் தெரியும். சிறிய எழுத்துக்குக் கண்ணாடி வேண்டும். வளையத் தொல்லை ட்ரையைவிடக் குறைவு. அடுப்பும் கைப்பேசியும் முக்கியம், பத்திரிகைக்குக் கண்ணாடி போடலாம் என்பவருக்கு நன்றாகப் பொருந்தும். அமெரிக்காவில் இது வி2788 பக்கம் விழுகிறது. மொனோவுக்குச் சற்று மேலே நிற்கும் 'மொனோ பிளஸ்' வகையோ சாதாரண லென்ஸாகவே பதிவாகிறது. இரண்டுக்கும் பார்வையில் உள்ள இடைவெளியைவிடப் பில்லில் உள்ள இடைவெளி பெரிது. 'பிளஸ்' கிடைக்குமா, எந்தப் பெயரில் எழுதுவீர்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

| லென்ஸ் | கண்ணாடி எதற்கு | பில்லில் நிலை | யாருக்கு வேண்டாம் |
|---|---|---|---|
| மொனோ | வாசிப்பு, கைநீட்டுத் தூரம் | தகராறு குறைவு | கண்ணாடியை அறவே விரும்பாதவர் |
| டோரிக் | வாசிப்பு, கைநீட்டுத் தூரம் | கூடுதல் வரி. அளவோடு கடிதம் இருந்தால் பேசலாம் | சிலிண்டர் சிறிதாக உள்ளவர் |
| நீட்டிய குவியம் | சிறிய எழுத்து | கூடுதல் வரி | நாள் முழுவதும் நூல் வாசிப்பவர், தைப்பவர் |
| ட்ரை | அரிதாக | கூடுதல் வரி, இரண்டு கண்ணுக்கும் | விழித்திரை நோய் உள்ளவர், இரவுச் சாரதி |

எந்த லென்ஸ் வைத்தாலும் வரக்கூடிய ஒரு செலவு இந்த அட்டவணையில் இல்லை. மாதங்களோ ஆண்டுகளோ கழித்து லென்ஸின் பின்னுள்ள சவ்வு மங்கலாம். 'புரை திரும்ப வந்துவிட்டது' என்று பயப்படுவார்கள். அது புரை அன்று, சில நிமிட லேசரில் தீரும். நோய்க் குறியீட்டில் எச்26.4. வெளிநோயாளர் சிகிச்சை என்பதால், வைத்தியசாலையில் தங்கினால்தான் பணம் என்று சொல்லும் ஒப்பந்தங்களில் இது மாட்டிக்கொள்ளும்.

எங்கே செய்வது

லிப்டன் சந்தியில் உள்ள தேசிய கண் வைத்தியசாலையில் சத்திரசிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. செலவாவது நாட்களும் காத்திருப்பும். லென்ஸ் தெரிவுக்கு அங்கே அதிக இடமில்லை என்று எண்ணிக்கொண்டே போங்கள். மொனோ என்று தீர்மானித்தவருக்கு அது குறையே அன்று. எந்த அரச வைத்தியசாலையிலாவது லென்ஸை வெளியே வாங்கி வரச் சொன்னால், வைத்தியரின் சீட்டும் லென்ஸின் பெயரில் பற்றுச்சீட்டும் இல்லாமல் வாங்காதீர்கள். காப்புறுதிக்கு அவை இரண்டும்தான் சாட்சி.

தனியாரில் நாளும் வைத்தியரும் உங்கள் விருப்பம். ஆனால் பொதிக்கு வெளியே கண் அளவெடுப்பு, இரத்தப் பரிசோதனை, ஒரு மாதச் சொட்டு மருந்து, ஒவ்வொரு மறுபார்வைக்கும் சனலிங் கட்டணம் (வைத்தியரைப் பார்க்கக் கட்டுவது) என்று சில்லறை சேரும். மதுரைக்குப் பறப்பவர்களும் இருக்கிறார்கள். மறுநாள், ஒரு வாரம், ஒரு மாதம் என்று மூன்று மறுபார்வைகளையும் யார் செய்வது என்பதைப் பயணச்சீட்டுக்கு முன்னே தீர்த்துக்கொண்டால் அதுவும் வழிதான்.

திங்கட்கிழமைக்கு முன்

அந்தப் பெண்ணுக்கு நான் எழுதியது இது. வைத்தியசாலையிடம் ஒரு கடிதம் கேளுங்கள். 'சாதாரண லென்ஸோடு சத்திரசிகிச்சை' ஒரு தொகை, 'லென்ஸ் மேம்பாடு' இன்னொரு தொகை, லென்ஸின் பெயரும் வகையும் தெளிவாக. அதைக் காப்புறுதிக்கு அனுப்பி, எந்த வரிக்கு எவ்வளவு என்று எழுத்தில் முன்னனுமதி வாங்குங்கள். தொலைபேசியில் 'கிடைக்கும்' என்று சொன்ன குரலுக்கு நாளைக்குப் பெயர் இருக்காது. ஒப்பந்தத்தில் கண்புரைக்குக் காத்திருப்புக் காலம் உண்டா, ஒரே நாளில் வீடு திரும்பும் சத்திரசிகிச்சை சேருமா என்ற இரண்டு வரிகளையும் தேடுங்கள். அரச ஊழியரின் அக்ரஹார காப்புறுதி ஆனாலும் தனியார் ஒப்பந்தம் ஆனாலும் தேட வேண்டியவை இவையே. ஆண்டு எல்லை சிறியதாக இருந்தால், முதல் கண்ணை ஒப்பந்த ஆண்டின் கடைசியிலும் மற்றதை அடுத்த ஆண்டின் தொடக்கத்திலும் செய்வது குற்றமில்லை, வைத்தியர் பொறுக்கலாம் என்றால்.

அம்மாவின் கண்ணில் சிலிண்டர் முக்கால் டயாப்டர், சீனி பதினொரு வருடம் என்று பிறகு எழுதினார். மொனோ வைத்தார்கள். மிச்சமான பணத்தை இரண்டாவது கண்ணுக்கென்று ஒதுக்கினாராம்.

அவருக்குச் சொல்ல மறந்த ஒன்றை இங்கே எழுதிவிடுகிறேன். லென்ஸ் பெட்டிக்குள் ஒட்டும் சீட்டுகள் சில வரும்: பெயர், பவர், தொடர் எண், காலாவதித் திகதி. ஒன்று கோவையில், ஒன்று சத்திரசிகிச்சைக் கூடத்தின் பதிவேட்டில், ஒன்று நோயாளியின் அட்டையில். அந்த அட்டையைக் கேட்டு வாங்க வேண்டும். 2023இல் நுவரெலியாவில் கண்புரைச் சத்திரசிகிச்சைக்குப் பின் போட்ட சொட்டு மருந்தால் சிலரின் பார்வை பாதிக்கப்பட்ட பிறகு, கண்ணுக்குள் போவது எது என்ற கேள்வியை யாரும் அதிகப்பிரசங்கம் என்று சொல்ல முடியாது. இரண்டாவது கண்ணை அளக்கும்போதும், லேசருக்குப் போகும்போதும், காப்புறுதியோடு சண்டை பிடிக்கும்போதும் முதலில் கேட்பது அந்த அட்டையைத்தான். என் மாமியாரின் அட்டை அவருடைய பணப்பையில், அடையாள அட்டைக்கும் பஸ் சில்லறைக்கும் நடுவே இருக்கிறது: வலது கண், +21.5.